நல்ல இசைக்கு முதலில் நல்ல அறை

பேத்தோவன் 1770 இல் பிறந்த வீடு இன்று பான் நகரில் அருங்காட்சியகமாக இருக்கின்றது. செவிப்புலன் குறைந்த காலத்தில் அவருக்கென மெல்சல் என்பவர் செய்து கொடுத்த உலோகக் குழல்களை அங்கே பார்க்கலாம். இன்னும் பார்க்காதவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். ஒரு ஸ்வரத்தைத் தெளிவாகக் கேட்பதற்கு மனிதன் என்ன பாடுபட்டிருக்கிறான் என்பது அங்கே விளங்கும்.

நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த கசற், பிலிப்ஸ் நிறுவனத்தால் 1963 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. சீடீ எனும் குறுந்தட்டோ 1982 இல் ஹனோவருக்கு அருகில் லாங்கன்ஹாகன் என்ற இடத்தில் உற்பத்தியாகத் தொடங்கியது. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுவதும் அடங்கவேண்டும் என்பதற்காகவே அதற்கு 74 நிமிடம் வைத்தார்கள் என்றொரு கதை உண்டு. கதை அழகானதுதான், ஆனால் முழுவதையும் நம்பவேண்டியதில்லை.

இனி நமது வீட்டு விடயத்துக்கு வருவோம். விலை கூடிய ஸ்ரீரியோ வாங்கினால் நல்ல இசை கேட்கலாம் என்று நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். கடன்பட்டும் வாங்குகின்றனர். இதில் எமக்கு உடன்பாடில்லை. ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கே போகவேண்டும். அவற்றையும் பாவித்ததாக வாங்கலாம். கோடை காலத்தில் றைன்ஆவே பூங்காவில் நடக்கும் பழம்பொருட் சந்தையில் நல்ல ஜேர்மன் பெட்டிகள் கிடைப்பதுண்டு. வாங்குமுன் முன்சீலையைக் கழற்றி, கூம்பின் ஓர இறப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். 87 டெசிபல் உணர்திறன் உள்ள பெட்டிக்கு, 90 டெசிபல் பெட்டியைப்போல் இரண்டு மடங்கு வாற்ஸ் தேவை என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆனால் பெட்டியை விடவும் பெரிய கருவி உங்கள் அறைதான். ஒலி ஒரு செக்கனில் சுமார் 343 மீற்றர் செல்கிறது. 4 மீற்றர் நீளமான அறையில் இரு சுவர்களுக்குமிடையே மோதித் திரும்பும்போது சுமார் 43 ஹேர்ட்ஸ், அதன் மடங்குகளான 86, 129 என்ற தாழ்ந்த ஒலிகள் தேங்கி நிற்கும். சுவரோரத்தில் அவை அளவுக்கு மீறி முழங்கும், வேறோரிடத்தில் காணாமற் போகும். தவில் கேட்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் சொற்கள் தெளிவாக விழும். தொப்பியில் கழி படும் அடி மட்டும் குழம்பிப்போய் 'கும்' என்று இழுக்கும். 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை இனி ஒலிப்பதிவில்தான் கேட்கமுடியும். அதை மூலையில் வைத்த பெட்டியில் கேட்பது அநியாயம்.

ஆகவே பெட்டிகளை மூலையிலிருந்து எடுத்து, பின்சுவரிலிருந்து அரை மீற்றராவது முன்னே கொண்டுவாருங்கள். இரு பெட்டிகளும் உங்கள் கதிரையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். மேலேயுள்ள சிறிய ஒலிபெருக்கி உங்கள் காது மட்டத்தில் நிற்கவேண்டும். கதிரையையும் பின்சுவரோடு ஒட்டாதீர்கள். வெறும் தரையில் கம்பளம், யன்னலுக்குக் கனமான திரை, ஒரு சுவரில் நிறைந்த புத்தக அலுமாரி. இவை போதும், செலவும் குறைவு. வயர்களுக்கென நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். சாதாரண அறைக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் தாராளம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. இரவு 10 மணிக்குப் பின் சத்தம் உங்கள் அறைக்குள்ளேயே நிற்கவேண்டும். தாழ்ந்த ஒலி தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். பெட்டிக்குக் கீழே கனமான இறப்பர்த் துண்டு வைத்தால் ஓரளவு குறையும். பிந்திய வேலை முடித்து வருபவர்களுக்கு நல்லதொரு ஹெட்போன்தான் வழி.

இவ்வளவும் செய்தபின் அலுமாரியில் கிடக்கும் பழைய கசற்றுகளை வெளியே எடுங்கள். கோவில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரக் கச்சேரிக்கு வேறெங்கும் பிரதி இருக்காது. முதலில் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றியபிறகு போடுங்கள். ஒலி மங்கலாயிருந்தால், வாசிக்கும் தலைக்குப் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியை மயிரிழையளவு திருப்பிப் பார்க்கலாம். நாதஸ்வரத்தின் சீவாளிச் சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திக் கணினியில் பிரதியெடுங்கள். வாசித்தவர் பெயர், கோவில், ஆண்டு மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு மட்டையில் எழுதி வையுங்கள்.