வார்ப்படக் கண்காட்சியில் ஒரு நாள்

பொருட்காட்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன ராட்டினமும் மிளகாய் பஜ்ஜியும் சென்னைத் தீவுத்திடலுமே. தொழிற் கண்காட்சி அவ்வகையினது அன்று. அங்கே விற்பவரும் தொழிலர், வாங்குபவரும் தொழிலர். வேடிக்கை பார்ப்போருக்கு அங்கே அதிக வேலை இல்லை. பலவற்றில் சிறுவர்களுக்கு அனுமதியும் கிடையாது. ஆயினும் பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் போன்ற குடும்பத்தார் ஒருமுறையேனும் அத்தகைய காட்சியைக் காண்பது நலம் என்று நாம் கருதுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு.

2025 பிப்ரவரித் திங்களில், கொல்கத்தா சயன்ஸ் ஸிட்டிக்கு அருகிலுள்ள விஸ்வ வங்க மேளா மைதானத்தில் 73-ஆவது இந்திய வார்ப்படத் தொழில் மாநாடும், 'இஃபெக்ஸ்' என்னும் கண்காட்சியும் நடைபெற்றன. 1950-இல் தோன்றிய இந்திய வார்ப்படத் தொழிலர் கழகம் நடத்துவது இது. ஹவுராவிலிருந்து நால்வராகச் சென்றோம். நால்வருக்கும் இத்தகைய காட்சி இதுவே முதல் தடவை. எம்முடன் வந்தவருள் ஒருவர், டிப்ளமோ முடித்து ஓராண்டாக வேலை தேடும் நம் சங்க அன்பர் ஒருவரின் புதல்வர்.

இந்நகருக்குக் கண்காட்சி புதிதன்று. 1883 டிசம்பரில் தொடங்கி 1884 மார்ச் வரை கல்கத்தா சர்வதேசப் பொருட்காட்சி இங்கே நடந்தது. இந்திய மியூசியக் கட்டடமும் அதன் எதிரிலுள்ள மைதானமும் அதற்கு இடமாயின. உலகத்துச் சரக்குகளை வங்காளத்து மக்கள் ஒரே இடத்தில் கண்டனர். ஆனால் வார்ப்படம் என்பது வெளியிலிருந்து வந்து காட்டப்பட வேண்டிய சரக்கன்று. அது ஹவுராவின் சொந்தத் தொழில். நாம் குடியிருக்கும் தெருக்களுக்குப் பின்னாலேயே உலைகள் எரிகின்றன. நியூயார்க் மாநகரத் தெருக்களில் பதிக்கப்பட்ட சாக்கடை மூடிகளுள் பல ஹவுராவில் வார்க்கப்பட்டவை என்பதை 2007-இல் அந்நகரப் பத்திரிகை ஒன்று படங்களுடன் எழுதியது. வெறுங்காலுடன் உருகிய இரும்பை ஏந்திச் செல்லும் தொழிலாளரை அப்படங்களில் கண்டு அயல்நாட்டார் திகைத்தனர்.

கண்காட்சிக் கூடத்தில் நாம் முதலில் உணர்ந்தது, பெயர் மட்டும் அறிந்த பொருள்களின் உருவத்தை அறியாதிருந்தோம் என்பதே. ரயில்வே குமாஸ்தாவின் மேசையில் வாகன் போகியும் தண்டவாளக் கிராஸிங்கும் காகிதத்தில் ஒரு வரி, அவ்வளவே. வாகன் போகி வார்ப்பு எஃகால் ஆனது. தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராஸிங் மாங்கனீஸ் எஃகு வார்ப்படம். பெங்களூரை அடுத்த யெலஹங்கா ஆலையில் 1984 முதல் ரயில் சக்கரங்களையே வார்த்தெடுக்கிறார்கள். இவை யாவும் மணலில் பதித்த அச்சிலோ வேறு அச்சிலோ உருகிய உலோகத்தை வார்த்து ஆறவிட்டுப் பெறப்படுவன.

அவ்வித்தை நமக்கு அந்நியமன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வங்காளத்து டோக்ரா கைவினைஞரும் அம்முறையினரே. அதே மெழுகு முறை இன்று விமான எஞ்சினின் டர்பைன் இதழ்கள் வரை சென்றுள்ளது.

புதியனவும் பல உண்டு. உலோகம் அச்சினுள் எவ்வாறு பாயும், எங்கே குழிவிழும் என்பதை வார்ப்பதற்கு முன்பே கணினித் திரையில் காட்டும் முறை ஒன்று. உலோகத்தின் சேர்மானத்தைச் சில நொடிகளில் சொல்லும் கருவி ஒன்று. மரத்தால் மாதிரி செய்யாமலே மணலை அடுக்கடுக்காக ஒட்டி அச்சினை உண்டாக்கும் யந்திரம் ஒன்று. பழைய கியூபோலா உலை கரியைத் தின்று புகையைக் கக்குவது. அதற்கு இரு வரிசைகளில் காற்றூதிக் கரியைச் சேமிக்கும் திருத்தத்தை 'டெரி' நிறுவனம் 1990-களின் இறுதியில் ஹவுரா ஆலை ஒன்றிலேயே செய்து காட்டியது. மின்சாரத்தால் உருக்கும் இன்டக்ஷன் உலையோ புகையைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் மின்கட்டணத்தைக் கேட்டதும் சிறு ஆலைக்காரர் தயங்குகிறார். வார்ப்பட உற்பத்தியில் சீனத்துக்கு அடுத்து இரண்டாம் இடம் வகிப்பது நம் நாடு. ஆயினும் அவ்வுற்பத்தியைத் தாங்குவோரில் பெரும்பாலோர் இத்தகைய சிறு ஆலைக்காரரே.

எம்முடன் வந்த இளைஞர் முதல் ஒரு மணி நேரம் விளம்பரத் தாள்களைச் சேர்ப்பதிலேயே கழித்தார். பை நிறைந்தது, பேச்சு எழவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் ஸ்டாலில் நம் தமிழைக் கேட்டதும் அவர், "ஏனுங்க, நம்மூருங்களா?" என்று எழுந்து வந்தார். பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையும் வார்ப்படத்தால் வாழும் ஊரல்லவா? தேநீர் வரவழைத்தபின் இளைஞரைப் பார்த்து, "படிப்பு இருக்கட்டும் தம்பி, கையிலே என்ன வேலை தெரியும்?" என்றார். இளைஞர் தலைகுனிந்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "மண்ணைச் சோதிக்கத் தெரிந்தவன், உலோகத்தைச் சோதிக்கத் தெரிந்தவன், இவர்களைத்தான் ஆலைகள் தேடுகின்றன. அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்றார். அதன்பின் இளைஞர் ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இக்கருவியை இயக்க யார் பயிற்சி தருகிறார்கள்?" மாலைக்குள் அவர் கைப்புத்தகத்தில் ஏழு முகவரிகள் சேர்ந்தன. அவற்றுள் இரண்டு ஹவுராவிலேயே உள்ளவை. பல ஆண்டுகளாக அவர் நடந்து சென்ற தெருவில்தான் ஒன்று இருந்தது!

இதனையே நாம் சொல்ல விரும்புகிறோம். தந்தை ரயில்வேயில் இருந்தால் மகனுக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நம் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. இன்று ஒரு நாற்காலிக்கு மிகப் பலர் பரீட்சை எழுதுகின்றனர். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் கைத்தொழிலின் வாயிலைத் தட்டிப் பார்ப்பதில் இழிவு யாது?

முதன்முறை செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. முன்பே பெயரைப் பதிவு செய்துகொள்க. எல்லா ஸ்டால்களையும் காண முயலாமல், பட்டியலைப் பார்த்துப் பத்தைத் தேர்ந்துகொள்க. கடைசி நாள் பிற்பகலில் பலர் சரக்கைக் கட்டத் தொடங்கிவிடுவர். ஆதலின் முந்திச் செல்க. விலையைக் கேட்பதோடு நில்லாமல் மின்செலவு, உதிரிப்பாகம், பயிற்சி ஆகிய மூன்றையும் கேட்க. ஒரு வாரத்துக்குள் பேசியவருக்குக் கடிதம் எழுதுக. முகவரி ஆறிப்போனால் பயனில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், கோவையில் கொடிசியா நடத்தும் 'இன்டெக்' கண்காட்சி அவ்வமயம் நடைபெறுமாயின் அதனையும் காணலாம்.

தொழிற்கல்வி கற்ற நம் இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரித்து, அடுத்த கண்காட்சிக்கு ஒரு குழுவாக அனுப்பலாம். அண்மையில் அவ்விளைஞர் நம் தெருவிலுள்ள ஆலையில் மண் சோதனை கற்கச் சேர்ந்திருக்கிறார். ஊதியம் சிறிது, ஆயினும் அவர் தந்தையார் சங்கத்துக்கு வரும்போது முகத்தில் தெளிவு காண்கிறோம்.