அடி வாங்கினார், ஊர் சிரித்தது!
குங்பூ படத்தில் ஒரு "குடிகார வாத்தியார்"

பல் ஒன்று தெறித்தது. கையைக் கத்தி கிழித்தது. கண்ணே போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

இத்தனையும் எதற்காக? ஜனங்கள் சிரிப்பதற்காக!

அடி வாங்கியவர் வேறு யாருமல்ல. ஜாக்கி சான்தான். நடந்த இடம் ஹாங்காங். ஆண்டு 1978. அந்த ஒரே ஆண்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு படங்களுக்காக அவர் உடம்பு பட்ட பாடு அது.

முதல் படத்தின் பெயர் "பருந்தின் நிழலில் பாம்பு" என்று பொருள்படும். இரண்டாவது படம் "ட்ரங்கன் மாஸ்டர்". நம்ம ஊர் பாஷையில் சொன்னால் "குடிகார வாத்தியார்". சிலம்பம் சொல்லிக் கொடுப்பவரை வாத்தியார் என்று கூப்பிடுகிறோம் அல்லவா, அந்த வாத்தியார்!

குங்பூ சண்டையையும் காமெடியையும் ஒரே இலையில் பரிமாறிய படம் அது. ஜாக்கி சான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த முகம். 2008ல் "தசாவதாரம்" பாட்டு வெளியீட்டு விழாவுக்குச் சென்னைக்கே வந்து போனார். ஆனால் 1978 தொடக்கத்தில் அவர் நிலைமை என்ன தெரியுமா?

தோல்வி நடிகர்

1973 ஜூலை 20ந் தேதி புரூஸ் லீ திடீரென்று இறந்து போனார். அவருக்கு வயது 32தான்.

ஹாங்காங் படக் கம்பெனிகள் தவித்துப் போயின. "இன்னொரு புரூஸ் லீ எங்கே?" என்று வலை வீசித் தேடின. புரூஸ் லி என்று ஒருவர் வந்தார். புரூஸ் லே என்று இன்னொருவர் வந்தார். பெயர் வந்தது, கூட்டம் வரவில்லை.

அப்போது ஜாக்கி சான் ஆஸ்திரேலியாவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். அப்பா, அம்மா அங்கேதான் வேலையில் இருந்தார்கள். "ஜாக்கி" என்ற பெயரே அந்தக் கட்டட வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

அவரை ஹாங்காங்குக்கு வரவழைத்தார் டைரக்டர் லோ வெய். புரூஸ் லீயை வைத்து "பிக் பாஸ்", "பிஸ்ட் ஆப் ப்யூரி" எடுத்த அதே லோ வெய். 1976ல் "நியூ பிஸ்ட் ஆப் ப்யூரி" என்று ஒரு படம். ஜாக்கி சான் முறைத்தார். பல்லைக் கடித்தார். பழிக்குப் பழி என்றார்.

படம் படுத்துவிட்டது. அடுத்து வந்த படங்களும் அப்படியே. சிரித்த முகக்காரனைப் பிடித்து முறைக்கச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

இரவல் ஹீரோ

இந்த நேரத்தில் இங் சீயூன் என்ற தயாரிப்பாளர் வந்தார். "இந்தப் பையனை இரண்டு படத்துக்கு இரவல் கொடுங்கள்" என்று கேட்டார். லோ வெய்யும் கொடுத்துவிட்டார். வாடகை சைக்கிளைக் கொடுக்கிற மாதிரிதான்!

டைரக்டராகப் போட்டது யூன் வூபிங்கை. ஸ்டண்டு மாஸ்டர். அதுவரை ஒரு படம்கூட டைரக்ட் செய்ததில்லை.

தோற்ற நடிகர், புது டைரக்டர். துணிச்சலைப் பாருங்கள்!

ஆனால் அந்தத் தயாரிப்பாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். "உன் இஷ்டப்படி சண்டை போடு" என்று விட்டுவிட்டார்.

ஜாக்கி சான் யோசித்தது எளிய கணக்கு. புரூஸ் லீ காலை உயரத் தூக்கி உதைத்தாரா? நான் தாழ்வாக உதைக்கிறேன். புரூஸ் லீ குத்துவிட்டுக் கர்ஜித்தாரா? நான் குத்துவிட்டு, "ஐயோ, கை வலிக்குதே" என்று உதறுகிறேன்.

அவ்வளவுதான் விஷயம். வலி தெரியாத வீரனைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த ஜனங்களுக்கு, வலிக்கிற வீரன் கிடைத்தான்.

"பாம்பு" படம் சுமார் 27 லட்சம் ஹாங்காங் டாலர் வசூல் செய்தது. ஏழே மாதத்தில், அக்டோபரில் வந்த "குடிகார வாத்தியார்" 67 லட்சத்தைத் தாண்டியது!

பெரியவரின் வாலிபம்

இந்தப் படத்தின் கதாநாயகன் பெயர் வோங் பெய்ஹங். கற்பனை ஆள் அல்ல. தெற்குச் சீனாவில் உண்மையாக வாழ்ந்த குங்பூ குரு. எலும்பு முறிவுக்கு வைத்தியமும் பார்த்தவர். 1920களில் காலமானார்.

1949 முதல் அவரைப் பற்றி ஹாங்காங்கில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்துவிட்டன. குவான் தக்ஹிங் என்ற நடிகர்தான் அந்த வேடத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி நடித்தார். அந்தப் படங்களில் வோங் பெய்ஹங் கோபப்படமாட்டார். பொறுமை, புத்திமதி, தர்மம். பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும்.

அந்தப் பெரியவரின் இளமைக் காலத்தை எடுத்துக்கொண்டு, அவரை ஊர் சுற்றும் போக்கிரிப் பையனாக ஆக்கிவிட்டார்கள்! வாய்த்துடுக்கு. சோம்பேறித்தனம். பெண்களிடம் வம்பு. ஹாங்காங் ரசிகர்களுக்கு முதல் சிரிப்பே அதில்தான்.

அத்தையிடம் உதை

சந்தையில் ஒரு அழகியைப் பார்க்கிறான் பையன். ஏமாற்றிக் கட்டிப்பிடிக்கிறான். அந்தப் பெண்ணின் தாய் வருகிறாள். "என்னடா செய்தே?"

"கிழவிதானே" என்று பையன் சண்டைக்கு நிற்கிறான். அந்த அம்மாள் போடுகிற போடில், ஊர் பார்க்க உருளுகிறான். அவமானத்தோடு வீட்டுக்குப் போனால், கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது அதே அம்மாள். அவனுடைய அத்தை! கட்டிப்பிடித்த பெண், அத்தை மகள்!

போதாததற்கு, அவன் அன்று அடித்துப் போட்ட பணக்காரப் பையனின் அப்பாவும் நியாயம் கேட்டு வந்துவிடுகிறார்.

தண்டனை என்ன தெரியுமா? முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். தொடை மேலும் தலை மேலும் கோப்பைகள். ஆடினால் கொட்டும்.

இந்த நிலை வெறும் தண்டனை அல்ல. குங்பூவின் அரிச்சுவடியே அதுதான். ஐந்து நிமிடம் வீட்டில் நின்று பாருங்கள். மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது தொடை பேசும்!

தலைகீழ்ப் பாடம்

அப்பாவின் அடுத்த ஏற்பாடு இன்னும் கடுமை. பிச்சைக்கார சோ என்ற குருவிடம் பையனை ஒப்படைப்பது. சீடர்களின் கை கால்களை முடமாக்கிவிடுவார் என்று பெயர் வாங்கிய குரு. கேட்டதும் பையன் ஓட்டம் பிடிக்கிறான்.

கையில் காசில்லை. ஓட்டலில் ஒருவர் தலையில் பில்லைக் கட்டப் பார்க்கிறான். அவர்தான் ஓட்டல் முதலாளி! ஆட்கள் பாய்கிறார்கள். பக்கத்தில் இருந்த சிவந்த மூக்குக் கிழவர் ஒருவர் காப்பாற்றுகிறார். யார் அந்தக் கிழவர்? எந்தக் குருவுக்குப் பயந்து ஓடினானோ, அதே பிச்சைக்கார சோ!

அப்புறம் பயிற்சி. உத்தரத்தில் தலைகீழாகத் தொங்க வேண்டும். கீழே ஒரு வாளித் தண்ணீர். மேலே ஒரு வாளி. சின்னக் கோப்பையால் மொண்டு, உடம்பை வளைத்து எழுந்து, மேல் வாளியை நிரப்ப வேண்டும்.

இதில் காமிரா வித்தை கிடையாது. சிறு வயதில் பீகிங் நாடகப் பள்ளியில் விடப்பட்டு, பத்து வருஷம் பிரம்படி பட்டு, குட்டிக்கரணம் போட்டுக் கற்ற உடம்பு அது. எனக்கு இந்தப் படத்தில் இறுதிச் சண்டையைவிட இந்தக் காட்சிதான் பிடிக்கும். வயிற்றுத் தசை ஒவ்வொன்றும் கெஞ்சுவது தெரிகிறது. சிரிப்பும் வருகிறது.

இடிக்கால்

பையன் மறுபடியும் ஓடுகிறான். இந்த முறை மாட்டிக்கொள்வது ஒரு கூலிக் கொலைகாரனிடம். பட்டப்பெயர் "இடிக்கால்". உதைத்தால் இடி!

ஆள் யாரென்று தெரியாமல் பையன் வாயைக் கொடுக்கிறான். அடித்து நொறுக்கி, அவன் கால்சட்டையையும் கொளுத்தி அவமானப்படுத்தி அனுப்புகிறான் இடிக்கால். அதுவரை கொட்டகையில் சிரிப்பு. இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். பையன் தானாகக் குருவிடம் திரும்பிப் போகிறான்.

இடிக்காலாக நடித்தவர் ஹுவாங் ஜாங்லீ. கொரியாக்காரர். டேக்வாண்டோ வல்லவர். ராணுவ வீரர்களுக்கே சண்டை சொல்லிக் கொடுத்தவர். அந்தக் கால் நிஜக் கால்! "பாம்பு" படத்தில் ஜாக்கி சானின் பல்லைத் தெறிக்கவிட்டது இவர் உதைதான். தவறிப் பட்டது.

அதே படத்தில் மழுங்கிய கத்தி என்று நினைத்த கத்தி மழுங்காமல் இருந்தது. கை கிழிந்தது. "குடிகார வாத்தியார்" எடுக்கும்போது புருவ எலும்பில் அடி. கண் தப்பியதே பெரிது.

எட்டாவது பாடம்

குரு கடைசியாகச் சொல்லிக் கொடுப்பது "எட்டுக் குடிகாரத் தேவர்கள்" என்ற குத்து வரிசை. சீனப் புராணத்தில் எட்டு அமரர்கள் உண்டு. ஒருவர் நொண்டி, ஒருவர் குழல் ஊதுபவர், ஒருவர் குடத்தைத் தூக்குபவர். ஒவ்வொருவர் பாணியிலும் தள்ளாடித் தள்ளாடித் தாக்க வேண்டும்.

விழுவது போலிருக்கும், அது இடறிவிடும் வித்தை. கோப்பையைப் பிடிப்பது போல விரல் வளைந்திருக்கும். அது குரல்வளையைப் பிடிக்க. இந்த ஆட்டம் சீனாவில் நிஜமாகவே உண்டு. ஆனால் ஆடுபவர்கள் குடிப்பதில்லை. ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஒற்றைக்காலில் நிற்க முடியாது. சாராயக் கடையில் இருந்து வருகிற நம்மூர் அண்ணன்மார் இதை முயன்றால், எதிராளி வேண்டாம், சாக்கடையே போதும்!

எட்டாவது தேவர் ஒரு பெண். ஹோ தேவி. இடுப்பை ஒசித்து, ஒயிலாக ஆட வேண்டும். "பொம்பளை ஆட்டம்" என்று பையன் அந்தப் பாடத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறான்.

இறுதிக் கட்டம். பையனின் அப்பாவுக்கு ஒரு நிலம் இருக்கிறது. அடியில் நிலக்கரி. விற்க மறுத்தவரைத் தீர்த்துக்கட்ட இடிக்கால் வருகிறான். அப்பா விழுகிறார். பையன் குறுக்கே பாய்கிறான். குரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். அவன் போடுகிற கணக்கு, அவனே முடிக்கட்டும்.

ஏழு தேவர்களும் வந்து போகிறார்கள். இடிக்கால் ஆட்டத்தை மாற்றுகிறான். ஏழு வித்தையும் செல்லவில்லை.

"எட்டாவதைப் போடு!" என்று குரு கத்துகிறார்.

பையன் விழிக்கிறான். "அதை நான் படிக்கலையே!"

சந்தையில் ஒரு பெண்ணைச் சீண்டி, கிழவிதானே என்று அத்தையிடம் உதை வாங்கினானே, அதே பையன். அப்போதும் புத்தி வரவில்லை. இப்போது உயிர் போகிற நேரத்தில் பெண்ணின் ஆட்டம் தேவைப்படுகிறது.

"அப்படியானால் நீயே ஒன்றை உண்டாக்கு!" என்கிறார் குரு.

பையன் ஏழையும் ஒன்றாகக் கலக்கிறான். முகத்துக்குப் பவுடர் பூசுவது போல் ஒரு பாவனை. இடுப்பை ஒரு வெட்டு. கொலைகாரன் குழம்பிப் போகிறான். குழம்பிய இடத்தில் குத்து! இடுப்பை ஒசித்துக்கொண்டே இடிக்காலைச் சாய்க்கிறான் பையன். கொட்டகை இரண்டுபட்டது.

இந்தச் சண்டையில் காமிரா ஓரிடத்தில் நின்று தலை முதல் கால் வரை காட்டுகிறது. துண்டு துண்டாக வெட்டி ஏமாற்றவில்லை. நாடக மேடையில் தாளத்துக்கு ஆடுகிற மாதிரி அடி, தடுப்பு, அடி, தடுப்பு என்று சொல்லி வைத்த கணக்கு. "டொக், டொக்" சத்தமெல்லாம் பிற்பாடு சேர்த்தது. ஆனால் ஆளும் அடியும் நிஜம்.

அப்பனும் மகனும்

சண்டை அமைத்த டைரக்டர் யூன் வூபிங், பிற்பாடு ஹாலிவுட்டில் "மேட்ரிக்ஸ்" (1999) படத்துக்குச் சண்டை அமைத்தார். நம் "எந்திரன்" (2010) படத்திலும் அவர் கைவண்ணம் உண்டு.

அந்தச் சிவந்த மூக்குக் குடிகார வாத்தியார் யார்? டைரக்டரின் சொந்த அப்பா! யூன் சியூதியன். பீகிங் நாடகத்தில் தேர்ந்தவர். கறுப்பு வெள்ளைப் படக் காலத்திலிருந்து ஹாங்காங் சினிமாவில் சண்டை அமைத்தும், சில்லறை வேடங்கள் போட்டும் காலம் தள்ளியவர். பிள்ளைகளையும் அவரே பழக்கினார். பலர் ஸ்டண்டு வேலைக்கே வந்தார்கள்.

1978ல் அவருக்கு 66 வயது. கரணம் அடிக்கிற இடங்களில் டூப் போட்டார்கள். ஆனால் அந்தக் குறும்புப் பார்வைக்கும், பொக்கைச் சிரிப்புக்கும் டூப் ஏது? ஆயுள் முழுக்க ஓரத்தில் நின்ற கிழவரை, மகன் முதல் படத்திலேயே குருவாக நடுவில் நிறுத்தினார். இரண்டாவது படத்தில் அவர் பெயரைச் சொல்லியே கூட்டம் வந்தது. தெருவுக்குத் தெரிந்த நட்சத்திரமாகிவிட்டார்.

அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார்.

1979 கடைசியில் யூன் வூபிங்கின் இன்னொரு படம் வந்தது. ஜாக்கி சானுடன் நாடகப் பள்ளியில் படித்த சம்மோ ஹங்தான் அதில் ஹீரோ. பிச்சைக்கார சோ வேடம் அதிலும் இருந்தது. அப்பாவுக்காக வைத்திருந்த வேடம். அதே பரட்டைத் தலை, அதே சிவந்த மூக்கு, அதே குடுவை.

போட்டுக்கொண்டவர் வேறு நடிகர்.