மேற்கோளுக்குள்ளும் நுழையும் பேட்டர்ன் மாறி

ஸ்கீமில் சின்டாக்ஸ்-ரூல்ஸ் வைத்து மேக்ரோ எழுதுறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு மதிப்பை 'ஊர்' என்ற தலைப்போடு சேர்த்துத் தரும் மேக்ரோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பேட்டர்ன்: (பதிவு ஊர்)
டெம்ப்ளேட்: (லிஸ்ட் 'ஊர் ஊர்)

(பதிவு "கே.ஜி.கண்டிகை") என்று அழைத்தால் (ஊர் "கே.ஜி.கண்டிகை") வரும்னுதான் தோணும். வருவதோ ("கே.ஜி.கண்டிகை" "கே.ஜி.கண்டிகை"). பிழைச்செய்தி எதுவும் இல்லை. தலைப்பு மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஏன்? 'ஊர் என்பது (குவோட் ஊர்) என்பதன் சுருக்கம். மேக்ரோ விரியும்போது டெம்ப்ளேட்டில் இருக்கும் குவோட்டுக்குத் தனி மரியாதை கிடையாது; அதுவும் இன்னொரு பட்டியல்தான். அதனால் உள்ளே இருக்கும் ஊரும் மாற்றப்படுகிறது. "ஊர்" என்று சரமாக எழுதினால் தப்பிக்கும், சரத்தை மேக்ரோ பிரித்துப் பார்ப்பதில்லை.

ஹைஜீன் காப்பாற்றாதா? அது காப்பது டெம்ப்ளேட் புதிதாகக் கொண்டுவரும் பெயர்களை. பேட்டர்ன் மாறி அந்தக் கணக்கில் வராது.

நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. (சோதி (= அ ஆ)) தோற்றால் (= அ ஆ) என்ற கோவையையே அச்சிட்டுக் காட்டும் மேக்ரோ எழுத முடிவது இந்தக் குணத்தால்தான். மாறிக்கு மட்டும் வேறு பெயர் வையுங்க: (பதிவு மதிப்பு), (லிஸ்ட் 'ஊர் மதிப்பு). தலைப்பு திரும்பி வந்துடும்.