தியாகனூர் புத்தர்... ஆப்புக்குப் பணம் கட்டும் முன் இவரைப் பாருங்க!

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், கல்வராயன் மலை கூடவே வரும். சின்னசேலம் தாண்டினால் தலைவாசல். காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். அந்த மார்க்கெட் இரைச்சலுக்கும் லாரி ஹாரனுக்கும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது தியாகனூர் கிராமம். அங்கே பழங்காலத்துப் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு. சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் புத்தர். ஒரு சிலைக்குத் தியான மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து ஆறகளூரிலும் ஒரு புத்தர் உண்டு. சேலம் பெரியேரியில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று மக்கள் கும்பிட்டுவந்த சிலை, உண்மையில் புத்தர்தான் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. ஆக, பௌத்தம் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை.

ஆனால், இன்று ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்றால் ஞாபகம் வருவது செல்போன் ஆப்தான்! 1979-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியால் அவதிப்பட்ட நோயாளிகளுக்காக பௌத்த தியானத்தை எட்டு வாரப் பயிற்சியாக மாற்றினார். மத அடையாளம் எதுவும் இல்லாமல். அங்கிருந்து ஐ.டி கம்பெனி, பள்ளிக்கூடம் என்று பரவி, மாதச் சந்தாவோடு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

விஷயம் என்னவோ சிம்பிள்தான். நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ‘மரவள்ளி என்ன விலைக்குப் போகுமோ, பெங்களூருல இருக்கிற பையன் ஏன் போன் எடுக்கலை’ என்று மனசு ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் மறுபடி மூச்சுக்கு வாருங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்.

ஆனால், புத்தர் சொன்ன எட்டு வழிகளில் இந்த விழிப்பு ஏழாவதுதான். தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்பார்கள். மற்றவற்றில் பேச்சு, செயல், பிழைப்பு எல்லாம் வருகிறது. ஆப்பில் கிடைப்பது எட்டில் ஒன்று! காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு, பத்து மணிக்கு ஃபேமிலி குரூப்பில் நாத்தனாரை வம்புக்கு இழுத்தால் கணக்கு எப்படிச் சேரும்? கோபப்படுத்தும் மெசேஜைப் பார்த்ததும், நெஞ்சு படபடப்பதைக் கவனித்து, பதில் டைப் செய்யாமல் இரண்டு மூச்சு பொறுக்க முடிகிறதா? பயிற்சி பலன் தருகிறது என்று அர்த்தம்.

மருந்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாளாகத் தூக்கமே இல்லை, கண்ணை மூடினால் பயம் அதிகமாகிறது என்பவர்கள் தியானத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்ப்பதே நல்லது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.