யந்திரமும் மர்மக் கதையும்

மர்மக் கதை எழுதப் புகுந்தவனுக்கு ஒரு பிணமும், ஒரு பூட்டிய அறையும், சந்தேகத்துக்குரிய நாலைந்து உறவினரும் கிடைத்துவிட்டால் போதும் என்றிருந்த காலம் தமிழில் நெடுநாள் நீடித்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த நாவல்களிலும், பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே துப்புத் துலக்கிய கதைகளிலும், குற்றவாளி யார் என்பதொன்றே வாசகருடைய கவலையாக இருந்ததே தவிர, அந்த மாளிகையில் விளக்கு எவ்வாறு எரிகிறது என்று ஆசிரியரும் யோசிக்கவில்லை, வாசகரும் கேட்கவில்லை. யந்திரத்தைக் கதைக்கு அலங்காரமாக வைக்காமல், அது இயங்கும் விதத்திலிருந்தே அபாயத்தைப் பிறப்பிக்கின்ற நாவல், ஆங்கிலத்தில் டெக்னோ த்ரில்லர் என்று பெயர் பெற்ற அந்த வகை, தமிழில் வேரூன்றியது ஒரு எஞ்சினியரின் கையால்தான்.

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, சிவில் விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு நெடுங்காலம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் உத்தியோகம் பார்த்தவர். குமுதத்தில் தொடராக வந்த அவருடைய 'கொலையுதிர் காலம்' நாவலில், தோன்றி மறையும் ஓர் உருவம் ஆவியா, அல்லது லேசர் ஒளியால் உண்டாக்கப்பட்ட ஹோலோகிராம் பிம்பமா என்ற கேள்வியை, அவருடைய கதைகளில் துப்புத் துலக்கும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். விஞ்ஞானப் பாடம் நடத்துகிற வாடையே இல்லாமல், ஒருவன் விளக்க மற்றவன் கேலி செய்யும் சம்பாஷணையிலேயே விஷயம் முழுவதும் வாசகனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வாரப் பத்திரிகைத் தொடருக்கு இது இன்றியமையாத சாமர்த்தியம். சேகரித்த தகவலையெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டினால், அடுத்த வாரம் வாசகர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சிரிப்புத் துணுக்குக்குப் போய்விடுவார்.

ஆயினும், அவருடைய கதைத் தொழிலின் ரகசியம் அவருடைய உத்தியோகத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நம் தேர்தல்களில் பயன்படும் மின்னணு வாக்குப் பதிவு யந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த யந்திரம் நிமிஷத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் ஏற்காதபடி அமைக்கப்பட்டது. வாக்குச் சாவடியைக் கைப்பற்றிய ரௌடிக் கூட்டம் பெட்டிக்குள் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகத் திணித்ததுபோல இதில் திணிக்க முடியாது. நூறு கள்ள வாக்குப் போட இருபது நிமிஷமாவது ஆகும், அதற்குள் போலீஸ் வந்து சேர இடமுண்டு. இப்படி ஒரு தடையை யோசித்து வைப்பதற்கு, முதலில் அந்த ரௌடியாகவே தன்னைப் பாவித்துக்கொண்டு, அவன் அவசரத்தையும் அச்சத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? எது தவறினால் என்ன நேரும், எவ்வளவு நேரத்தில் நேரும் என்ற எஞ்சினியரின் கேள்வியே த்ரில்லர் ஆசிரியனின் கேள்வியும் ஆகும். முன்னவர் விபத்து நேராமலிருக்க அதைக் கேட்கிறார், பின்னவர் கதை நகரக் கேட்கிறார்; வித்தியாசம் அவ்வளவே.

மேல்நாட்டில் இந்த வகையில் புகழ் பெற்றவர்கள் எல்லோரும் எஞ்சினியர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1984-ல் வெளிவந்த நீர்மூழ்கிக் கப்பல் நாவலால் ஒரே பாய்ச்சலில் கீர்த்தியடைந்த டாம் கிளான்ஸி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். கடற்படையில் ஒருநாளும் சேவை செய்ததில்லை. ஆர்தர் ஹெய்லி விமான நிலையத்தையும் ஹோட்டலையும் போலவே ஒரு மின்சாரக் கம்பெனியையும் களமாக வைத்து, 1979-ல் 'ஓவர்லோடு' என்ற நாவலை எழுதினார். சுரங்கமும் மின் நிலையமும் சேர்ந்திருக்கும் நெய்வேலியில் குடியிருப்பவன் அந்த நாவலைப் படித்தால், இதைவிடப் பெரிய விஷயம் நம் வீட்டு வாசலில் கிடக்கிறதே என்ற ஆற்றாமை வராமல் போகாது.

அந்த விஷயம் தண்ணீர். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோதுதான் கறுப்பான ஏதோவொன்று வெளிப்பட்டு, இங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிய வந்தது என்பது ஊரார் அறிந்த சரித்திரம். 1957 மே 20 அன்று நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், மேல்மண்ணை நீக்கிக்கொண்டே போய் 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியைக் கண்ணால் கண்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சச பக்கெட் வீல் யந்திரங்களின் பற்கள், இந்த மண்ணிலுள்ள கடினமான கடலூர் மணற்பாறையைக் கடித்துக் கடித்து மளமளவென்று தேய்ந்துபோயின. ஆனால் பாறை, எவ்வளவு முரண்டு பிடித்தாலும், இருந்த இடத்தில் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள ஊற்று நீரோ, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்துடன், அதாவது அறுபது முதல் எண்பது மீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தக்கூடிய பலத்துடன், மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே மண் இருந்தவரை அதன் பாரம் நீரை அமுக்கி வைத்திருந்தது. அந்த மண்ணை நாம் அள்ளிவிட்ட பிறகு, நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் பீறிடாமல் தடுப்பது, ஆழ்துளைக் கிணறுகளை அமைத்து இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும் பம்புகள்தான். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரிக்கும் வயல்களுக்கும் போகிறது. வாய்க்காலில் துணி துவைப்பவர்களுக்கு அது வெறும் தண்ணீர். நாவலாசிரியனுக்கோ அது ஓடுகிறவரை எல்லாம் க்ஷேமம் என்பதற்கு அடையாளம்.

இனி இதிலுள்ள விசித்திர வட்டத்தைக் கவனிக்க வேண்டும். நிலக்கரியை எரித்தால் மின்சாரம். மின்சாரம் இருந்தால் பம்பு. பம்பு ஓடினால்தான் நிலக்கரி. போதாக்குறைக்கு, அனல் மின் நிலையம் ஒரு முறை அடியோடு நின்றுவிட்டால், விசிறிகளையும், கொதிகலனுக்கு நீரேற்றும் பம்புகளையும், பாதிக்குப் பாதி ஈரமுள்ள இந்த நிலக்கரியை உலர்த்திப் பொடியாக்கும் ஆலைகளையும் மறுபடி சுழற்றுவதற்கு, வெளியிலிருந்து மின்சாரத்தைக் கடன் வாங்கியாக வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கிலும் கிழக்கிலும் மின் தொகுப்புகள் சரிந்து ஏறக்குறைய அறுபது கோடி மக்கள் இருளில் மூழ்கியபோது, மேற்கு வங்கத்தில் சுமார் இருநூறு சுரங்கத் தொழிலாளிகள் லிஃப்ட் இயங்காமல் பூமிக்கடியில் அகப்பட்டுப் பின்னர் மீண்டார்கள். அப்போது தென்னாட்டுத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாததால் நாம் தப்பினோம். ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக அந்த இணைப்பு ஏற்பட்டது 2013 டிசம்பர் 31 அன்று. பலமும் சேர்ந்தே வருகிறது, தொற்றும் சேர்ந்தே வருகிறது. பம்புகளுக்கு மாற்று ஏற்பாடுகள் உண்டு, எஞ்சினியர்கள் அசட்டையாக இருப்பவர்கள் அல்லர். அந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும் வரிசையை நம்பும்படி அமைப்பதே நாவலாசிரியனின் வேலை.

அதற்கு விளம்பரப் பிரசுரங்கள் உதவமாட்டா. அவற்றில் எல்லா யந்திரமும் ஓடிக்கொண்டே இருக்கும். சுரங்கத்துக்கு அருகிலுள்ள மந்தாரக்குப்பத்து டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வருபவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உருளை சிக்கி, பெல்ட் உராய்ந்து, சூடேறிப் புகைவதைப் பற்றிய பேச்சு வரும். குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் கனன்று பற்றிக்கொள்ளும் சுபாவமுள்ளது என்ற பேச்சு வரும். மழைக் காலமானால் பேச்சு தானாகவே தண்ணீருக்குத் திரும்பிவிடும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் கடலூர்க் கரையைத் தாக்கி மாவட்டம் முழுவதும் மின் கம்பங்களை முறித்துப் போட்டதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அப்படியொரு இரவைக் களமாக வைத்துக்கொண்டால் வில்லன் தேவையில்லை. சதிகாரன் ஒருவனைச் சேர்ப்பது, நன்றாக வேகும் பருப்பில் சோடா உப்பைப் போடுவது போலத்தான்.

இவ்வளவையும் அறிந்த பின் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா என்பது வேறு விஷயம். 1971-ல் ஃபிரெடெரிக் ஃபோர்ஸித் தம் முதல் த்ரில்லரில், இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு பாஸ்போர்ட் வாங்கும் வழியை அப்படியே விவரித்தார். அதைப் படித்துவிட்டுக் கைவரிசை காட்டியவர்கள் பலர், பிரிட்டிஷ் சர்க்கார் அந்த ஓட்டையை அடைக்கவோ பல்லாண்டுகள் ஆயின. எனவே, எந்த ஸ்விட்ச் எந்த அறையில் என்பதை ஆசிரியன் தெரிந்து வைத்துக்கொண்டு, தாளில் வேண்டுமென்றே மாற்றி எழுதுவதே நியாயம். மணிக்கு எத்தனை அங்குலம் நீர் ஏறும் என்பதில் மட்டும் பொய் கூடாது. ஏனெனில் இந்த ஊரில் அதைச் சரிபார்க்கக்கூடிய வாசகர்கள் ஏராளம். அத்தகைய நாவலுக்குள் கணேஷும் வசந்துமே வந்து இறங்கினாலும், முதல் அத்தியாயம் முழுவதும் இரவு ஷிப்ட் பம்பு ஆபரேட்டர் முன்னால் கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டியிருக்கும். வசந்த் ஜோக்கடிக்க இரண்டாம் அத்தியாயம் வரை பொறுக்கத்தான் வேண்டும்.