விரல் படிக்கும் எழுத்து! தூசி படிந்தால் "பணம்" "மணம்" ஆகிவிடும்

கண் பார்வை இல்லாதவர்கள், செல்போனில் வரும் கடிதத்தை விரலால் தடவிப் படிக்கிறார்கள். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதன் விலை அதிகம். ஆனால் அதைக் காப்பாற்றுவதற்குச் சோப்பும் ஒரு மெல்லிய துணியும் போதும்!

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? அதை எப்படிச் சுத்தம் செய்வது? இதோ விவரம்:

6 புள்ளிகள்

பார்வை இல்லாதவர்கள் படிக்கும் எழுத்துக்கு "பிரெய்ல்" என்று பெயர். இதை உண்டாக்கியவர், பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெய்ல். 1809-ம் ஆண்டு பிறந்தவர்.

அவருடைய அப்பா, குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. லூயிக்கு 3 வயது இருக்கும்போது, அப்பாவின் பட்டறையில் விளையாடினான். கூரான குத்தூசி கண்ணில் குத்திவிட்டது. அந்தப் புண் அடுத்த கண்ணையும் கெடுத்துவிட்டது. இரண்டு கண்களும் போயின.

அந்தச் சிறுவன் 1824-ம் ஆண்டில், 15-வது வயதில், புள்ளி எழுத்துகளை உருவாக்கினான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் 6 புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடது பக்கம் 3. வலது பக்கம் 3. எந்தெந்தப் புள்ளிகள் மேடாக இருக்கின்றனவோ, அதை வைத்து இன்ன எழுத்து என்று விரல் கண்டுபிடித்துவிடும்.

தமிழுக்கும் பிரெய்ல் உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான "பாரதி பிரெய்ல்" 1951-ம் ஆண்டில் ஏற்பட்டது.

எழுந்து நிற்கும் ஊசிகள்!

முன்பெல்லாம் தடித்த காகிதத்தில் புள்ளி குத்திப் படித்தார்கள். இப்போதும் அப்படிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு கதைப் புத்தகமே பல பெரிய புத்தகங்களாக விரிந்துவிடும்.

மின்சாரக் கருவியில் காகிதமே கிடையாது. வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 20 கட்டம், 40 கட்டம், 80 கட்டம் என்று பல அளவு உண்டு. கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி, ஒவ்வொரு கட்டத்திலும் 8 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னஞ்சிறு ஊசி. முனை மழுங்கியது. விரலில் குத்தாது. 40 கட்டக் கருவியில் மொத்தம் 320 ஊசிகள்!

பெரும்பாலான கருவிகளில், ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் ஒரு மெல்லிய பீங்கான் பட்டை இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது லேசாக வளையும். ஊசியை மேலே தள்ளும். ஒரு வரியைப் படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால், பழைய ஊசிகள் இறங்கும். அடுத்த வரிக்கு உரிய ஊசிகள் எழுந்து நிற்கும்.

"செல்போன்தான் பேசுகிறதே, இது எதற்கு?" என்று கேட்கலாம்.

காதால் கேட்டால் எழுத்துப் பிழை தெரியாது. கணக்குப் படிக்கும் மாணவனுக்கு எண்கள் விரலில் பட வேண்டும். கண்ணும் தெரியாமல், காதும் கேளாதவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வருவதை அவர்கள் தாங்களே படிப்பதற்கு விரலை விட்டால் வேறு வழி ஏது?

8 மணியா, 2 மணியா?

ஊசி எழும்பும் உயரம் மிகக் குறைவு. அரை மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அதைத் தடுக்க ஒரு துளி அழுக்கு போதும்.

ஒரு ஊசி எழும்பாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?

"ப" என்ற எழுத்துக்கு 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள் எழும்ப வேண்டும். 2-வது புள்ளி ஒட்டிக்கொண்டால் அது "ம" ஆகிவிடும். "பணம்" என்பது "மணம்" ஆகிவிடும்!

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். சொல்லில் பிழை இருந்தால், முன்பின் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எண்ணில் பிழை வந்தால்?

8 என்ற எண்ணுக்கு 1, 2, 5 ஆகிய புள்ளிகள். அதில் 5-வது புள்ளி எழும்பாவிட்டால், அது 2. இரவு 8 மணிக்குச் சாப்பிட வேண்டிய மாத்திரை, 2 மணி ஆகிவிடும். பாங்கிக் கணக்கில் 8 ஆயிரம் ரூபாய், 2 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். ஊசி இறங்காமல் மேலேயே நின்றுவிட்டால், 2 என்பது 8 ஆகும்.

எனவேதான் சுத்தம் முக்கியம்.

முதலில் கை!

அழுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விரலில் இருந்துதான்!

முறுக்கு தின்ற கை, தலைக்கு எண்ணெய் தடவிய கை, பவுடர் பூசிய கை ஆகியவை ஆகாது. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டும். இரண்டும் சேர்ந்து பிசின் போல் ஆகி, ஊசித் துளையில் இறங்கும்.

படிக்க உட்காரும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைக்க வேண்டும். படித்து முடித்ததும் கருவியை உறையில் போட்டு மூட வேண்டும். காப்பி, தண்ணீர் டம்ளர்களைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

துடைப்பது எப்படி?

கருவியோடு வந்த கையேட்டை முதலில் படியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். பொதுவான முறை இது:

* கருவியை நிறுத்திவிட்டு, மின்சார வயரைக் கழற்றுங்கள்.

* நூல் பிரியாத மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேல் பகுதியைத் துடையுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது.

* ஊசிகள் உள்ள இடத்துக்குத் தண்ணீர் வேண்டாம். கையேடு அனுமதித்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தைத் துணியில் சிறிது தொட்டு, ஊசி முனைகளை மெதுவாகத் தடவுங்கள். அது சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆனால் தீப்பற்றக் கூடியது. அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்!

* நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் இயக்குங்கள்.

எல்லா ஊசிகளையும் ஒரே நேரத்தில் எழுப்பிக் காட்டும் சோதனை பல கருவிகளில் உண்டு. அப்போது விரலை வரிசையாக ஓட்டினால், எழும்பாத ஊசி எது என்று தெரிந்துவிடும். பல நாள் பயன்படுத்தாமல் இருந்தால், இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும்.

இவை கூடாது!

ஒட்டிக்கொண்ட ஊசியைக் குண்டூசியால் நெம்பாதீர்கள். தையல் மிஷினுக்கு விடுவது போல எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் விட்டால் இன்னும் தூசி சேரும். திரவத்தை நேராகக் கருவி மீது தெளிக்காதீர்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும்.

கருவியைத் திறந்து பார்க்கவும் கூடாது. உள்ளே ஊசியை அசைக்கும் மின்சாரம் சுமார் 200 வோல்ட். துடைத்தும் சரியாகாவிட்டால், விற்ற கம்பெனியின் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொடுங்கள். பல கருவிகளில் கெட்டுப்போன கட்டத்தை மட்டும் கழற்றி, வேறு கட்டம் மாட்டலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

40 கட்டக் கருவிகள் பலவற்றின் விலை, லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. குழந்தைகள் ஊசிகளை அமுக்கி விளையாட ஆசைப்படுவார்கள். "இது அக்காவின் கண். கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். உதவி செய்வதாக நினைத்து, சொல்லாமல் எடுத்துத் துடைக்காதீர்கள். எந்த ஊசி எழவில்லை என்பது, உங்கள் கண்ணை விட அவர் விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். துடைக்கும் வேலையையும் அவரே செய்துகொள்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடும் முன்பு கேளுங்கள். அவர் சரி என்றால், கை கழுவிவிட்டு வாருங்கள்!