சுக்கானைத் தேடும் ஓர்காக்கள்

2024 மே 12, காலை நேரம். ஜிப்ரால்டர் நீரிணையின் மேற்கு வாசலில், மொராக்கோவின் ஸ்பார்டெல் முனைக்கு அப்பால், 'அல்போரான் கோன்யாக்' என்ற 15 மீட்டர் நீளப் பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது. படகில் இருந்தவர்கள் இருவர். திடீரென்று அடிப்புறத்திலும் சுக்கானிலும் ஏதோ வந்து இடித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது. உதவி கேட்டு அவர்கள் விடுத்த அழைப்பைக் கேட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது. ஆளில்லாமல் மிதந்த படகு பின்னர் மூழ்கியது. இடித்தவை ஓர்காக்கள்.

இந்தக் கதை 2020 மே மாதத்தில் தொடங்கியது. அதிலிருந்து நான்கு ஆண்டுகளில் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரத்தில் ஏறத்தாழ 700 சந்திப்புகள் பதிவாயின. பெரும்பாலான படகுகள் சேதமில்லாமலோ சுக்கான் உடைந்தோ கரை சேர்ந்தன, சில மூழ்கின. ஆனால் இத்தனை சந்திப்புகளில் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. வேறு கடல்களில் சீல்களையும் திமிங்கிலக் குட்டிகளையும் வேட்டையாடும் இனம் இது. வேட்டைதான் நோக்கம் என்றால் கணக்கு இப்படி இருந்திருக்காது.

ஓர்கா, டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியக் கரையோரத்தில் வாழும் கூட்டம் மிகச் சிறியது. 40-க்கும் குறைவான உயிர்களே மிஞ்சியிருக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் இவற்றை அழிவின் விளிம்பில் உள்ளவையாக அறிவித்தது. இவற்றின் வாழ்க்கையே நீலத்துடுப்புச் சூரை மீனைச் சுற்றித்தான். முட்டையிடுவதற்காக அந்தச் சூரைகள் வசந்த காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழையும். ஓர்காக்கள் நீரிணையின் வாயில் காத்திருக்கும். கோடை முதிர முதிர, சூரையைப் பின்தொடர்ந்து போர்ச்சுகல், ஸ்பெயினின் கலீசியா என்று வடக்கே நகரும். படகுகள் மாட்டிக்கொள்ளும் இடங்களும் இதே வரிசையில் இடம் மாறுகின்றன.

படகில் ஓர்காக்களைக் கவர்வது சுக்கான். நவீனப் பாய்மரப் படகுகள் பலவற்றில் அது பின்புற அடியில் வேறு எந்தத் தாங்கலும் இல்லாமல், ஒற்றைத் தண்டில் தொங்கும் பலகை. ஓர்கா தலையால் முட்டினால் அது திரும்பும். அது திரும்பினால் படகே திரும்பும். மேலே இருப்பவர் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தை இறுகப் பிடித்தால் பலகை எதிர்த்துத் தள்ளும். கயிறிழுப்பில் எதிர்முனையில் ஆள் கிடைத்த மாதிரிதான். பலகை உடைந்து துண்டானதும் பெரும்பாலும் ஓர்காக்கள் விலகிப்போகின்றன. படகின் உடலில் தண்டு நுழையும் இடம் கிழியும்போதுதான் தண்ணீர் உள்ளே வருகிறது. படகை மூழ்கடிப்பது அந்தக் கிழிசலே.

ஏன் இப்படிச் செய்கின்றன? முன்பு ஏதோ ஒரு படகால் காயப்பட்ட பெண் ஓர்கா பழிதீர்க்கிறது என்ற ஊகம் செய்தித்தாள்களுக்கு இனித்தது. 2024 பிப்ரவரியில் பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தின் ஏற்பாட்டில் மாட்ரிட்டில் கூடிய ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். இதில் பகை தெரியவில்லை. விளையாட்டே தெரிகிறது என்பது அவர்கள் கணிப்பு. சுக்கானோடு மல்லுக்கட்டுபவற்றில் இளவயது ஓர்காக்கள் அதிகம் என்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. மீன்பிடிக் கட்டுப்பாடுகளால் சூரை மீன்வளம் மீண்டுவந்திருக்கிறது. வயிறு நிறைந்த இளசுகளுக்குப் பொழுது மிச்சமாகிறது என்பதும் அவர்கள் யோசித்த காரணங்களில் ஒன்று.

ஓர்காக்களிடம் இப்படி ஒரு பழக்கம் திடீரென்று பரவுவது புதிதல்ல. 1987-இல் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஒரு பெண் ஓர்கா செத்த சால்மன் மீனைத் தலையில் சுமந்து திரிந்தது. சில வாரங்களில் பக்கத்துக் கூட்டங்களும் அதைச் செய்யத் தொடங்கின. அடுத்த ஆண்டுக்குள் அந்த மோகம் ஏறக்குறைய ஓய்ந்துபோனது. ஒவ்வொரு ஓர்காக் குடும்பத்துக்கும் தனிக் குரல்வழக்கு உண்டு, தனி வேட்டைமுறை உண்டு. அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் சில ஓர்காக்கள் வேண்டுமென்றே கரையில் ஏறி, சீல் குட்டியைக் கவ்விக்கொண்டு அலையோடு திரும்புகின்றன. குட்டிகள் பெரியவற்றைப் பார்த்தே இதைக் கற்கின்றன. பார்த்துக் கற்கும் இந்தத் திறமைதான் ஐபீரியக் கடலில் சுக்கானைக் கண்டுபிடித்திருக்கிறது.

விளையாட்டு என்று தெரிந்துவிட்டால் படகோட்டி செய்ய வேண்டியதும் மாறிவிடுகிறது. பகைவனை விரட்டலாம்; விளையாடுபவரிடமிருந்து பொம்மையை அகற்றத்தான் வேண்டும். தொடக்கத்தில் தரப்பட்ட அறிவுரை, பாயை இறக்கு, எஞ்சினை நிறுத்து, சக்கரத்திலிருந்து கையை எடு, சத்தம் போடாதே என்பது. ஓடாத படகும் எதிர்க்காத சுக்கானும் அலுப்பைத் தரும் என்பது அதன் தர்க்கம். ஆனால் நின்ற படகு பொம்மையாக அங்கேயே கிடக்கிறது. அனுபவங்கள் சேரச் சேர அறிவுரை திரும்பியது. 2024-இல் ஸ்பெயின் அரசு சொன்னது இதற்கு நேர்மாறு: நிற்காதே, எஞ்சினைப் போட்டுக்கொண்டு கரைப்பக்கம், ஆழம் குறைந்த நீரை நோக்கிப் போ.

அதைவிட முக்கியம், சந்திப்பையே தவிர்ப்பது. மே முதல் ஆகஸ்ட் வரை காடிஸ் வளைகுடாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் இடைப்பட்ட கடலைப் பாய்மரப் படகுகள் தவிர்க்க வேண்டும் என்று அதே அரசு கேட்டுக்கொண்டது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கரையை ஒட்டிப் போவது நல்லது. 20 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் ஓட்டுவதைப் பலர் வழக்கமாக்கியிருக்கிறார்கள். ஓர்காக்கள் எங்கே தென்பட்டன என்று காட்டும் வரைபடங்களும் செயலிகளும் வந்துவிட்டன. புறப்படும் முன் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

மீறி வந்துவிட்டால், ஆட்கள் படகின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். படம் எடுக்கும் ஆசையில் ஓரத்தில் சாய்பவர் ஒரே இடியில் தண்ணீரில் விழலாம். சுக்கான் அடிபடும்போது சக்கரம் வெறிபிடித்தாற்போல் சுழலும். பிடித்திருக்கும் கை முறியக்கூடும். உயிர்காப்பு உடை மேலே, வானொலி 16-ஆம் அலைவரிசையில். சுக்கான் தண்டைச் சுற்றி நீர் கசிகிறதா என்று ஒருவர் கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓர்காக்களை விரட்டப் பட்டாசு கொளுத்தியவர்கள் உண்டு, தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் கருவிகளை இறக்கியவர்கள் உண்டு, மணலைக் கொட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஒலியை நம்பி வாழும் உயிரின் செவியைக் கெடுப்பது அதன் வேட்டையைக் கெடுப்பது. 2007 முதல் ஸ்பெயின் சட்டம் திமிங்கில, டால்பின் இனங்களிடம் படகுகள் 60 மீட்டருக்குள் நெருங்குவதையே தடுக்கிறது. வேடிக்கை பார்க்கப் போகும் படகுக்கும் அது பொருந்தும்.

சால்மன் தொப்பி மோகம் போலவே இந்தச் சுக்கான் மோகமும் ஒருநாள் அலுக்கலாம். அதுவரை படகுக்காரர்கள் வழியை மாற்றிக்கொள்ளலாம், பயண நாளை மாற்றிக்கொள்ளலாம், உறுதியான சுக்கான் பொருத்திக்கொள்ளலாம். சூரை போகும் வழியைத் தவிர அந்த ஓர்காக்களுக்குப் போக்கிடம் இல்லை. விட்டுக்கொடுக்க வசதி உள்ளவர் விட்டுக்கொடுப்பதே இதில் நியாயம்.